ரேங்க் எழுபதுக்கு மேல், ஆனால் கையில் இடம் இருக்கிறது: சேர்வதா, காத்திருப்பதா?

கேள்வி: கோவையில் இஇஇ முடித்துவிட்டு, ஓசூரில் மின்வாகன சார்ஜர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மின்சாரத்தை மாற்றிக் கட்டுப்படுத்தும் பவர் எலெக்ட்ரானிக்ஸ் துறையில் மேல்படிப்புக்காக அமெரிக்காவில் எட்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டில் ரிஜெக்ட். ஒன்றில் வெயிட்லிஸ்ட். நான்கு இடங்களிலிருந்து இன்னும் பதிலே இல்லை. இவை எல்லாம் பெரிய பெயர்கள், எம்எஸ் படிப்புக்கு. ஒரே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும் பிஎச்டிக்கு இடம் கொடுத்து, ஆராய்ச்சி உதவியாளர் சம்பளமும் தருவதாக எழுதியிருக்கிறது. ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் யுஎஸ் நியூஸ் என்ற அமெரிக்க ஊடக நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் அதன் இன்ஜினியரிங் ரேங்க் எழுபதுக்கு மேல். "முதல் இருபதுக்குள் இல்லாவிட்டால் போவதே வீண்" என்கிறார் மாமா. "நல்ல இடம் வந்தால் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம், பொறுமையாக இரு" என்கிறார் அப்பா. தினமும் ராத்திரி இரண்டு மணி வரை விண்ணப்ப போர்ட்டலைத் திறந்து திறந்து பார்க்கிறேன். படித்து முடித்ததும் சார்ஜர் வடிவமைப்பு வேலைக்குத்தான் போக ஆசை. என்ன முடிவு எடுப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்:

அன்புள்ள ஓசூர் வாசகிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். நம் ராத்திரி இரண்டு மணி என்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை நாலரை. நமக்குக் காலை ஆறு மணி ஆகும்போது கலிபோர்னியாவிலேயே மாலை ஐந்தரை ஆகி, துறை அலுவலகங்களில் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். அன்றைக்கு என்ன வர வேண்டுமோ அது அதற்குள் வந்திருக்கும். ஆகவே காலை காபி குடிக்கும்போது ஒரு தடவை பாருங்கள், போதும். ஞாயிறும் திங்களும் காலையில் அதுகூட வேண்டாம், அங்கே அப்போதுதான் சனியும் ஞாயிறும் முடிந்திருக்கும்.

பதில் வராத நான்கு இடங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சத்தம் இல்லை என்பதை ரிஜெக்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கூப்பிடப்போகிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் துறையின் பேராசிரியர்கள். வகுப்பு எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சி நிதிக்கு எழுதிக்கொண்டு, அதற்கு நடுவில்தான் உங்கள் கோப்பைத் திறக்கிறார்கள். துறை "இவரை எடுக்கலாம்" என்று பரிந்துரைக்கும், பிறகு பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகம் மதிப்பெண் சான்றுகளைச் சரிபார்த்து முறையான கடிதம் அனுப்பும். எம்எஸ் முடிவுகளைத் தவணை தவணையாக வெளியிடுவதும், நிராகரிப்புகளைக் கடைசியில் மொத்தமாக அனுப்புவதும் அங்கே வழக்கம். பிஎச்டி என்றால் இன்னொரு முடிச்சு: மாணவருக்குச் சம்பளம் கொடுக்கப் பேராசிரியர் கையில் பணம் இருக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் ஆராய்ச்சி நிதியில் அரசு கை வைத்தபோது பல பல்கலைக்கழகங்கள் அந்த வருடப் பிஎச்டி சேர்க்கையையே குறைத்துக்கொண்டன. விண்ணப்பித்தவர்களிடம் எந்தக் குறையும் இல்லை. உங்களுக்கு வந்த இரண்டு ரிஜெக்டையும் உங்கள் தகுதிக்கான தீர்ப்பாக நினைத்து மனதைப் புண்படுத்திக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் 15 ஏதோ மனம்போனபடி வைத்த தேதி இல்லை. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பு கொண்டுவந்த தீர்மானம் அது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு இடம் கொடுத்த மாணவரை அந்தத் தேதிக்கு முன்னால் பதில் சொல்லச் சொல்லி நெருக்கக் கூடாது. அதனால் ஏப்ரல் 15 வரை யோசிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் நிதியுதவி இல்லாத எம்எஸ் இடங்களை இந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. அந்த நான்கு இடங்களும் ஏப்ரல் 15க்குள் சொல்லியே தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை. வெயிட்லிஸ்ட் நகர்வதே பெரும்பாலும் அந்தத் தேதிக்குப் பிறகுதான். அதாவது எல்லாப் பதிலும் வந்த பிறகு முடிவெடுப்பேன் என்று நீங்கள் உட்கார்ந்திருந்தால், கையில் இருப்பதும் போய்விடும்.

இனி ரேங்க்.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் கவுன்சலிங்கில் கட்ஆஃப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எந்தப் பட்டியலும் கட்ஆஃப் வரிசை மாதிரிதான் தெரியும். ஆனால் யுஎஸ் நியூஸ் பட்டியல் எப்படித் தயாராகிறது தெரியுமா? மற்ற கல்லூரிகளின் டீன்கள் போடும் மதிப்பெண்ணுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தான் கால் வைத்தே பார்க்காத கல்லூரிக்கும் ஒரு டீன் மதிப்பெண் போடலாம். ஆராய்ச்சிக்கு மொத்தம் எத்தனை டாலர் செலவானது, எத்தனை பேருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள், ஆசிரியர்களில் எத்தனை விழுக்காட்டினர் தேசியப் பொறியியல் அகாடமி உறுப்பினர்கள் என்பதெல்லாம் சேரும். மொத்தத்தை எண்ணினால் பெரிய கல்லூரிக்கு ஏற்றம் கிடைக்கத்தான் செய்யும். நூறு பேராசிரியர்கள் உள்ள துறையையும் முப்பது பேர் உள்ள துறையையும் இப்படி நிறுத்துப் பார்த்துவிட்டு, சின்னதில் இருக்கும் அந்த ஒரு நல்ல ஆய்வகத்தை எந்த எண்ணில் தேடுவது?

எண்களே ஆட்டம் காண்பதும் உண்டு. 2022ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தடியஸ், தன் பல்கலைக்கழகம் யுஎஸ் நியூஸுக்குக் கொடுத்த விவரங்களே சரியில்லை என்று வெளிப்படையாக எழுதினார். இளநிலைப் படிப்புக்கான தேசியப் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்த கொலம்பியா அதே வருடம் 18க்கு இறங்கியது. வகுப்பறையும் பேராசிரியர்களும் அப்படியேதான் இருந்தார்கள். க்யூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலைப் பாருங்கள்: கல்வியாளர் மத்தியில் உள்ள பெயருக்கு 40 விழுக்காடு கொடுத்து வந்தார்கள், 2024 பட்டியலிலிருந்து 30 ஆக்கிவிட்டார்கள். கணக்கை மாற்றினால் வரிசையும் மாறும். நம் நாட்டிலும் 2020ல் சென்னை உட்பட ஏழு ஐஐடிகள், கணக்கிடும் முறை தெளிவாக இல்லை என்று சொல்லி டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலிலிருந்தே விலகி நின்றன.

உங்கள் துறைக்கே வருகிறேன், எனக்கு நெருக்கமான துறையும் அதுதான். முப்பது வருடம் மின்னியல் பாடம் நடத்தினேன், எத்தனையோ பரிந்துரைக் கடிதங்கள் எழுதினேன். பவர் எலெக்ட்ரானிக்ஸின் பலம் மொத்த ரேங்க்கில் தெரியவே தெரியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசனில் 1981 முதல் வெம்பெக் என்ற கூட்டமைப்பை நடத்திவருகிறது. மின் மோட்டார், டிரைவ் தயாரிக்கும் கம்பெனிகள் அதில் உறுப்பினர்கள். வர்ஜீனியா டெக்கின் பவர் எலெக்ட்ரானிக்ஸ் மையம் 1998ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பொறியியல் ஆராய்ச்சி மையமாகத் தேர்வானது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பெயரை நம் ஊரில் சொன்னால் "அது எங்கே இருக்கிறது?" என்பார்கள். மொத்தப் பட்டியலில் நீங்கள் வெகு கீழே தேட வேண்டிய பெயர் அது. ஆனால் சிலிக்கான் கார்பைடு சிப்புகளைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே தயாரிக்க ஒரு வசதியைத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியில் கட்ட இறங்கியது அவர்கள்தான். சார்ஜரில் நீங்கள் தினமும் கையில் எடுக்கும் அந்த சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்சைச் சொல்கிறேன்! கல்லூரியில் நீங்கள் படித்த பவர் எலெக்ட்ரானிக்ஸ் பாடப்புத்தகத்தின் உள் அட்டையையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அதை எழுதியவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தார் என்று போட்டிருக்கும். மாமாவின் முதல் இருபதில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருமுறை, ரேங்க்கைப் பற்றி யாரும் பெருமை பேசாத ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். சுவரோரம் ஒரு மர அலமாரி. அதில் கருகிப்போன பவர் மாட்யூல்களை, அதாவது அதிக மின்சாரத்தைக் கையாளும் சிப்புகள் அடங்கிய பெட்டிகளை, வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல்மூடி பிளந்து, உள்ளே இருந்த வெள்ளை ஜெல் கரியோடு வழிந்து உறைந்திருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் காகித டேப் ஒட்டி, தேதியும் மாணவர் பெயரும் பேனாவால் எழுதியிருந்தார்கள். "முதல் வருடத்திலேயே இங்கே எல்லாரும் ஒன்றாவது எரித்துவிடுவார்கள், ஏன் எரிந்தது என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் புதுசு கிடைக்கும்" என்றார் அந்தப் பேராசிரியர். ஒரு மாட்யூலின் விலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதை எரிக்க விட்டு, எரிந்ததிலிருந்து கற்றுக்கொடுக்கும் இடம் எவ்வளவு பெரிய இடம்! அந்த அலமாரிக்கு எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் கிடையாது.

மாமா சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், உண்டு. பேராசிரியர் வேலைக்குப் பெயர் ரொம்பவே முக்கியம். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியராக இருப்பவர்களில் 80 விழுக்காட்டினர், வெறும் 20 விழுக்காடு பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள் என்று 2022ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆசை உங்களுக்கு இருந்திருந்தால் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். பெரிய கல்லூரியின் வேலைவாய்ப்புச் சந்தைக்கு வரும் கம்பெனிகளின் எண்ணிக்கையும் அதிகம்தான். ஆனால் நீங்கள் கேட்பது சார்ஜர் வடிவமைப்பு வேலை. அதற்கு இன்டர்வியூ எடுப்பவர் நீங்கள் செய்த கன்வெர்ட்டரின் அலைவடிவத்தைக் காட்டச் சொல்வார்.

பணத்தைப் பற்றி அப்பாவிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். பெரிய பெயர் உள்ள இடத்தில் உதவித்தொகை இல்லாத எம்எஸ் என்றால், இரண்டு வருடக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து 50 லட்சத்தைத் தாண்டுவது சகஜம். அதில் 40 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை விழுக்காடு வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 54,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. படித்து முடித்ததும் ஓபிடி என்ற மாணவர் வேலை அனுமதியில் ஒரு வருடமும், பொறியியல் படிப்புக்கு மேலும் இரண்டு வருடமும் வேலை செய்யலாம். அதற்குப் பிறகு எச்1பி என்ற வேலை விசா குலுக்கல்தான். அதில் பெயர் வராமல் ஊர் திரும்பினாலும் தவணை நிற்காது. அப்பா அன்பினால் சொல்கிறார். அந்த அன்புக்கு ஈடாக ஒரு வீடு நிற்கிறது. கையில் இருக்கும் இடமோ உங்களுக்குச் சம்பளம் தருகிறது. மாமாவின் பட்டியலில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு கட்டமும் இல்லை.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொல்லவில்லை. பிஎச்டி என்பது ஐந்து வருடம், அந்த ஐந்து வருடமும் ஒரு மனிதரோடு, உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரோடு. அவரோடு வீடியோவில் பேச நேரம் கேளுங்கள். சம்பளம் எத்தனை வருடத்துக்கு உறுதி, எந்த ஆராய்ச்சி நிதியிலிருந்து வருகிறது, அது எப்போது முடிகிறது, கோடை மாதங்களுக்கும் உண்டா என்று கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, அங்கே எல்லாரும் கேட்பார்கள். கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் மற்ற கட்டணங்களையும் மருத்துவக் காப்பீட்டையும் நம் தலையில் கட்டும் இடங்கள் உண்டு, அதையும் கேளுங்கள். அவர் இன்னும் பணி நிரந்தரம் ஆகாத உதவிப் பேராசிரியர் என்றால் பாதியில் வேறு ஊருக்குப் போகவும் கூடும். அதற்குப் பிறகு அவருடைய மாணவர்கள் இரண்டு பேரோடு, அவர் இல்லாமல், தனியாகப் பேசுங்கள். மெயிலில் கேட்டால் மழுப்புவார்கள், குரலில் தெரிந்துவிடும். கடைசியாக வெளியே போன நான்கைந்து பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான துறைகளில் பிஎச்டி வேண்டாம் என்று தோன்றினால் எம்எஸ் பட்டத்தோடு வெளியே வரலாம். அதை ஒரு பாதுகாப்பாக மட்டும் மனதில் வையுங்கள். அந்தத் திட்டத்தோடே போனால், உங்களை நம்பி நிதியை ஒதுக்கியவருக்குச் செய்யும் அநியாயம் அது.

பதில் சொல்லாத நான்கு துறைகளுக்கும் வெயிட்லிஸ்ட் போட்ட துறைக்கும் இன்றைக்கே ஆளுக்கு ஒரு மெயில் போடுங்கள். துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு எழுத வேண்டும், பேராசிரியர்களுக்கு வேண்டாம். எனக்கு நிதியுதவியோடு ஓர் இடம் வந்திருக்கிறது, ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும், என் விண்ணப்பத்தின் நிலை என்ன என்று தெரிவிக்க முடியுமா என்று நாலு வரி. ஒரு தடவை போதும். சிலர் உடனே பதில் சொல்வார்கள், சிலர் சொல்லவே மாட்டார்கள்.

அந்தப் பேராசிரியரும் மாணவர்களும் சொல்வது உங்களுக்குத் திருப்தியாக இருந்தால், ஏப்ரல் 15க்கு இரண்டு நாள் முன்பே சரி என்று எழுதிவிடுங்கள். என் மகளாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ20 என்ற சேர்க்கைப் படிவம் வந்ததும், மாணவர் விசாவுக்கான செவிஸ் பதிவுக் கட்டணம் 350 டாலரைக் கட்டிவிட்டு, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குத் தேதி பாருங்கள். ஆகஸ்ட்டில் வகுப்பு என்றால் மே மாதமே நெருக்கடி. 2025ல் மே கடைசியிலிருந்து மூன்று வாரம் போலப் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்குத் தேதி கொடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள், பிள்ளைகள் தவித்துப்போனார்கள்.

சேருவதாக எழுதிய அன்றைக்கே மற்ற ஐந்து இடங்களிலும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வரி மெயில் போதும். அந்த இடத்துக்காக வெயிட்லிஸ்டில் இன்னொரு பெண் ராத்திரி இரண்டு மணிக்குப் போர்ட்டலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.