நாத்திகனான நான் ஏன் பௌத்தம் படிக்கிறேன்?

கேள்வி: கடவுள் இல்லை என்று சொல்கிற நீங்கள் பௌத்தத்தைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகப் பேசுவது ஏன்? அதுவும் ஒரு மதம்தானே?

மதம்தான், மறுக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1972 முதல் அரசியலமைப்பிலேயே அதற்கு முதன்மை இடம் எழுதி வைத்திருக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்த எனக்குப் பௌத்தம் என்றாலே அந்த அரசியல்தான் நினைவுக்கு வரும், அதனால் பல வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

என்னை இழுத்தது ஒரு திருக்கை மீனின் முள். நான் பத்தாவது படிக்கும்போது, மூக்கையூர் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குக் கணுக்காலில் திருக்கை குத்திவிட்டது. ஈர மணலில் உட்கார வைத்துவிட்டு ஆளாளுக்குப் பேச்சு: காலையில் யார் முகத்தில் விழித்தான், வலையைத் தாண்டியது யார், நேர்த்திக்கடனை ஏன் தள்ளிப்போட்டான். மந்திரிக்கிறவரைக் கூட்டிவர ஒருவர் ஓடினார். கால் அதற்குள் வீங்கிவிட்டது. அப்பத்தா மட்டும் எதுவும் கேட்கவில்லை. சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து, முதலில் தன் கையை விட்டுப் பார்த்து, பொறுக்கிற சூடுதான் என்று தெரிந்ததும் அவர் காலை உள்ளே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் அலறல் முனகலாகிவிட்டது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. திருக்கை விஷத்தில் இருப்பது சூட்டில் சிதைகிற புரதம் என்று பின்னால் படித்தேன். அப்பத்தாவுக்குப் புரதம் தெரியாது, வெந்நீரில் வலி இறங்கும் என்பது தெரியும்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் மாலுங்கியபுத்தர் என்ற துறவி, உலகம் அழிவில்லாததா, இறந்த பிறகு புத்தர் இருப்பாரா என்பதற்கெல்லாம் பதில் சொன்னால்தான் உங்களோடு இருப்பேன் என்கிறார். புத்தர் சொல்வது, விஷ அம்பு பாய்ந்த ஒருவன், எய்தவன் என்ன குலம், வில் எந்த வகை, நாண் எதில் திரித்தது என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் தெரிந்துகொள்வதற்குள் செத்துப்போவான் என்று. படித்ததும் சட்டியோடு வந்த அப்பத்தாதான் கண்ணில் நின்றார்.

எதை நம்புவது என்று கேட்ட காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னதையும் பலர் பகிர்கிறார்கள், பெரும்பாலும் பாதியை. ஊர் சொல்கிறது, நூலில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக ஏற்காதே என்பது சரி. ஆனால் அதே பட்டியலில் வெறும் தர்க்கமும் இருக்கிறது, ‘என் கருத்தோடு ஒத்துப்போகிறது’ என்பதும் இருக்கிறது. நம்மைப் போன்ற பகுத்தறிவாளர்கள் விட்டுவிடுகிற இடம் அதுதான், எனக்கு உறைத்ததும் அதுதான்.

தமிழில் வேண்டுமென்றால் பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 27ஆம் காதைக்கு, அதாவது அத்தியாயத்துக்குப் போங்கள். வஞ்சி நகரில் மணிமேகலையிடம் பூதவாதி, அதாவது எல்லாம் பூதங்களின் சேர்க்கைதான் என்கிற பொருள்முதல்வாதி, பேசுகிறான்: தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, இந்தப் பிறப்போடு எல்லாம் முடிந்தது. பனங்காட்டில் வளர்ந்தவன் நான். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் அன்றைக்கே கள்ளாகிவிடும், உள்ளே யாரும் வந்து போதையை வைப்பதில்லை. அதனால் இன்றைக்கும் நான் பூதவாதி கட்சிதான். மறுபிறவியை நான் ஏற்கவில்லை, மணிமேகலை தன் முற்பிறப்பை அறிந்ததாகச் சொல்வதையும் ஏற்கவில்லை. ஆனால் கண்ணால் கண்டது மட்டுமே ஆதாரம் என்ற அந்தப் பூதவாதியிடம் அவள் கேட்கிற கேள்வி இருக்கிறதே, உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் (ஊகித்து அறிவதால்) அல்லாமல் எப்படி அறிவாய் என்று, அதற்கு என்னிடமும் பதில் இல்லை. ‘கண்ணால் பார்த்தாயா’ என்று மேடையில் கேட்பதை நான் நிறுத்தியது அதைப் படித்த பிறகுதான்.

இப்போது 29ஆம் காதையில் இருக்கிறேன். பெரும்பகுதி அளவையியல், அதாவது தர்க்க சாஸ்திரம். இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல என்று வாதத்தை எப்படிக் கட்டுவது எனக் காட்டிவிட்டு, அது எங்கெல்லாம் பிழைக்கும் என்று பக்கப் போலி (நிறுவ வந்த கூற்றில் பிழை), ஏதுப் போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப் போலி (உதாரணத்தில் பிழை) என வகை வகையாகப் பிரிக்கிறது. மெதுவாகத்தான் போகிறது, ஒரு நாளைக்குப் பத்து வரி. அன்றைக்கு மந்திரிக்கிறவர் வந்து சேர்ந்தபோது வலி ஏற்கெனவே இறங்கியிருந்தது, தன் மந்திரத்தால்தான் இறங்கியது என்று இருபது ரூபாய் வாங்கிப் போனார். அது எந்தப் போலியில் சேரும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.