மகளின் படிப்புக்காக நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம்

பாபநாசம் அருகே அரிசி மண்டி நடத்தும் ஐயா அவர்களுக்கு,

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பிளஸ் டூ முடித்த மகள், பொறியியல் வேண்டாம், ஜனங்கள் ஏன் ஒரு பிராண்டை நம்பி வாங்குகிறார்கள் என்பது சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று நின்றால், எந்தத் தகப்பனுக்கும் முதலில் திகைப்புத்தான் வரும். ஆனாலும் உங்கள் மைத்துனர் காட்டும் வழியை, அதாவது ஐந்து மா நிலத்தை அடமானம் வைத்துச் சென்னையில் பெயர்பெற்ற ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சேர்ப்பதை, நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

அந்தக் கல்லூரியின் பாடத்தைப் பற்றியோ ஆசிரியர்களைப் பற்றியோ உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேள்விப்பட்ட பெயர், சொந்தக்காரர் பிள்ளை படித்த இடம், நாலு பேரிடம் சொன்னால் மதிப்பு என்ற மூன்று காரணங்களே இருக்கின்றன. கடைக்கு வருபவர் ஒரு பிராண்டை எடுப்பதற்கும் பெரும்பாலும் இவையே காரணம். உள்ளிருக்கும் தரத்தை முன்கூட்டிச் சோதிக்க முடியாதபோது, பழகிய பெயர் ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சத்தைக் குறைக்கிறது. தெரிந்தவர் வாங்கியது துணிவு தருகிறது. பிறர் பார்வையில் நம் அந்தஸ்தையும் அது சொல்கிறது. சிப்பத்தைப் பிரித்துச் சோறாக்கிப் பார்க்க முடியாததால்தான் உங்கள் வாடிக்கையாளர் போன மாதம் வாங்கிய அதே ஆலையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். அரிசி சரியில்லை என்றால் அடுத்த மாதம் வேறு சிப்பம் வாங்கிக்கொள்ளலாம். நான்கு ஆண்டுப் படிப்பையும் அதற்கு வாங்கிய கடனையும் அப்படி மாற்ற முடியாது.

உங்கள் மகள் கேட்கும் கேள்வி சிறியதல்ல. 1985 ஏப்ரலில் கோகோ கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியது. முன்னோட்டச் சோதனைகளில் புதிய சுவையையே பலர் விரும்பியிருந்தும், அது கடைக்கு விற்பனைக்கு வந்தபோது மக்கள் கொதித்தெழுந்ததால் ஜூலையிலேயே பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நாக்குக்குப் பிடித்ததை மட்டும் மனிதர் வாங்குவதில்லை என்பது அந்த நிறுவனத்துக்கே அப்போதுதான் உறைத்தது.

பி.பி.ஏ., எம்.பி.ஏ. பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள்; விட்டுவிடுகிறேன். நம் வட்டாரத்தில் யாரும் பேசாத ஒன்று டிரேட்மார்க் முகவர் தொழில். பிராண்டு என்பது மக்கள் மனத்தில் வளர்வது. டிரேட்மார்க் என்பது அதன்மீது சட்டம் தரும் உரிமை. பெயர் வளர்ந்த பிறகு அதைப் பதிவு செய்யாமல் விடுவது, பட்டா வாங்காத மனையில் மாடி எழுப்புவதற்குச் சமம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அரிசி வருவது 30-ஆம் வகுப்பில். தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். அதே போன்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது, டிரேட்மார்க் அலுவலகம் எழுப்பும் ஆட்சேபணைக்கு 30 நாளுக்குள் பதில் எழுதுவது, அந்த அலுவலகத்தின் இதழில் விண்ணப்பம் வெளியான பின் நான்கு மாதத்துக்குள் யாரேனும் எதிர்த்தால் வாதாடுவது, 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது ஆகியவை முகவரின் வேலை. 'பொன்னி' என்பது நெல் ரகத்தின் பெயர் என்பதால் அதைப் பொதுவாக எவரும் தனியுடைமையாக்க முடியாது, ஆலைக்கென்று தனிப்பெயர் வேண்டும் என்று உங்களைப் போன்ற வியாபாரிக்கு விளக்கிச் சொல்ல இங்கே ஆள் தேவைப்படுகிறது.

புவிசார் குறியீட்டிலும், அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பிலும், வேலை கிடக்கிறது. சுவாமிமலைச் சிலைகள், திருபுவனம் பட்டு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, 2025-இல் கும்பகோணம் வெற்றிலை என்று நம் வட்டாரத்துப் பொருள்கள் பல அதைப் பெற்றுவிட்டன. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டது என்பதால் நெசவாளிக்கோ வெற்றிலை பயிரிடும் கொடிக்கால்காரருக்கோ தானாக எதுவும் வந்துவிடாது. ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். 2020-இல் அதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். அந்தப் படிவத்தையும் சான்றுகளையும் கூடவே இருந்து தயாரித்துத் தருபவரைத்தான் காணோம்.

முகவராவதற்கு 21 வயது, ஏதேனும் ஒரு பட்டம், அதற்குரிய தேர்வில் தேர்ச்சி ஆகியவை வேண்டும். தேர்வு ஆண்டுதோறும் ஒழுங்காக நடப்பதில்லை என்பது உண்மையான குறை. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பட்டம் முடித்ததும் திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடித்து வழக்கறிஞராகப் பதிந்துகொண்டால், அந்தத் தேர்வு இல்லாமலேயே இந்த வேலையைச் செய்யலாம். வருமானம் முதல் சில ஆண்டுகள் மெதுவாகத்தான் வரும். அதையும் இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் அரசு மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. மகள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்று எழுதியிருப்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் அதற்குள் அடங்கும். சென்னைக் கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள். இந்த முடிவை உங்கள் மைத்துனரிடம் நீங்களே சொல்லுங்கள். உறவினர் முன் நின்று வாதாடும் பொறுப்பை 17 வயதுப் பெண்ணின் தலையில் வைக்காதீர்கள்.