அப்பா ஏற்காடு போகலாமா, டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. சேலம் குகைப் பகுதியில் தறி ஓட்டியவர். ரொம்ப வருடமாக பி.பி. இருக்கிறது. அப்புறம் சர்க்கரை, இப்போது முழங்கால் வலி. தினமும் பலமுறை பி.பி. பார்த்து நோட்டில் எழுதுகிறேன். ஊறுகாய், தட்டுவடை செட், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். பழைய கூட்டாளிகள் ஏற்காட்டுக்குக் கூப்பிட்டபோதும் நான் விடவில்லை. அன்றிலிருந்து அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. “இப்படி இருந்து என்ன பண்ண?” என்கிறார். கல்யாணத்துக்குப் போகிற நாளில் ஒரு மாத்திரையைப் போடாமல் ஒளித்துவைக்கிறார். நான் செய்வது தப்பா?
– ஒரு மகள், சேலம்

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அப்பாவுக்கு வைத்தியம் பார்ப்பதே அவர் நாலு இடம் போய்வரத்தானே? அதைத் தடுத்துவிட்டு நோட்டில் 130/80 என்று எழுதி யாருக்குக் காட்டப்போகிறோம்?

ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். பி.பி. கட்டுக்குள் இருந்து, நடக்கும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் வராதவருக்கு அந்த உயரம் பொதுவாகத் தொந்தரவு தராது. 20 கொண்டை ஊசி வளைவுகளும் தலையைச் சுற்றவைக்கும்தான், அதற்கு பி.பி. தேவையில்லை! முன் சீட்டில் உட்காரட்டும். ஏரிக்கரையில் நடக்கட்டும், கிளியூர் அருவிப் படிகள் மட்டும் வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது, சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏற்காட்டைவிட அந்த ஒளித்துவைக்கும் மாத்திரைதான் முக்கியமாகத் தெரிகிறது. அது எது என்று பார்த்தீர்களா? சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரையாக இருக்கும் என்பது என் ஊகம். கல்யாண மண்டபத்தில் அடிக்கடி பாத்ரூம் தேடவேண்டும். அங்கே இருப்பது குத்தவைக்கும் கழிப்பறை என்றால் முழங்காலை மடக்க முடியாதவர் என்ன செய்வார்? வெளியே சொல்லவும் கூச்சம். மாத்திரையை விட்டுவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. இதை டாக்டரிடம் சொன்னால் நேரத்தை மாற்றலாம், மாத்திரையையே மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையால் கணுக்கால் வீங்குவதும், ராமிப்ரில், எனலாப்ரில் போட்டு வறட்டு இருமல் வருவதும் இதே ரகம்தான். “வயசானா அப்படித்தான்” என்று பலர் வருடக்கணக்கில் சகித்துக்கொண்டு போகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரைகள் பல வகை உண்டு, ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஒன்று கிடைக்கும்.

முழங்காலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை பி.பி.யை ஏற்றும். சர்க்கரையும் இருப்பவருக்குச் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். நீங்கள் உப்பைக் குறைத்துக்கொண்டே இருக்க, இந்த மாத்திரை பின்வாசல் வழியாக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். பாராசிட்டமாலும், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் இவருக்கு அவற்றைவிடப் பாதுகாப்பானவை. பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது. ஊறுகாய், அப்பளம், ஜவ்வரிசி வடாம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். என்றைக்காவது ஒருநாள் தட்டுவடை செட் சாப்பிட்டால் அன்றைக்கு மற்றவை வேண்டாம், அவ்வளவுதான். கடையில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன் என்ற பி.பி. மாத்திரை எடுப்பவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் அது ஆபத்தாகலாம்.

நோட்டையும் கொஞ்சம் ஓய்வில் விடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் காலை, மாலை அளந்தால் போதும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க அளக்கவேண்டும். சண்டை போட்ட கையோடு அளந்தால் ஏறித்தான் காட்டும். 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108. இந்த அறிகுறிகள் இருந்தால் எண் குறைவாக இருக்கிறதே என்றும் காத்திருக்கக் கூடாது.

“இப்படி இருந்து என்ன பண்ண?” என்பதைச் சலிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். நீண்டநாள் நோயோடு இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அடிக்கடி வருகிறது, அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. தூக்கம், பசி, பிடித்த வேலையில் ஆர்வம் இவையெல்லாம் இரண்டு வாரமாகக் குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ல் இலவசமாகப் பேசவும் செய்யலாம். மற்றபடி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது முதல் பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள். மகள் முன்னால் சொல்ல முடியாத விஷயங்கள் அப்பாக்களுக்கு நிறைய இருக்கும்.