பிள்ளை விண்மீன் படிக்க ஆசைப்படுகிறாள்: பூம்பாறை அப்பா ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகள், 'இளம் விண்மீன்களிலிருந்து பீறிடும் வாயுவை ஆராயப் போகிறேன்' என்றதும் நீங்கள் கலங்கிப்போனதில் தப்பில்லை. பூண்டு விலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு, இது சோறு போடுமா என்ற கேள்விதான் முதலில் வரும்.

அவள் ஆசைப்படுவது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். உருவாகிக்கொண்டிருக்கும் விண்மீன், சுற்றியுள்ள வாயுவை இழுத்துக்கொள்ளும்போதே அதில் ஒரு பங்கை இரண்டு பக்கமும் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாய்ச்சுகிறது. அது மெதுவாகப் போகும் வாயுவில் மோதும் இடத்தில் அதிர்ச்சி அலை எழும். வாயு சூடேறி ஒளிரும். ஹெர்பிக்-ஹாரோ பொருள்கள் என்பவை இவைதான். அந்த ஒளியை நிறமாலையாக, அதாவது வண்ணம் வண்ணமாகப் பிரித்தால், சிவப்புப் பகுதியில் கந்தகத்தின் இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்: 6716, 6731 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு). இரண்டில் எது எத்தனை மடங்கு பிரகாசம் என்று அளந்தால் போதும், அங்கே ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கிட்டுவிடலாம். கோடு இடம் நகர்ந்திருந்தால், வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எவ்வளவு வேகம் என்பதும் தெரியும். எனக்கு இது இன்றைக்கும் பிரமிப்புதான்.

இதே கோடு நகர்வை வைத்துத்தான், உங்கள் கொடைக்கானல் அப்சர்வேட்டரியில் 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார்.

சரி, வழிக்கு வருவோம். இப்போதே 'வானியல்' என்று பெயர் போட்ட படிப்பைத் தேட வேண்டாம். இயற்பியலும் கணக்கும்தான் அடித்தளம். ஐசர் எனப்படும் மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வை எழுதட்டும். திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குக் கிட்டத்தில் உள்ளவை. கிடைக்காவிட்டால் மதுரைப் பக்கம் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் எம்.எஸ்சி.க்கான தேசிய நுழைவுத்தேர்வான ஜாம் எழுதி எம்.எஸ்சி. எந்த வழியானாலும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றாக வேண்டும். நிறமாலைத் தரவைக் கையாள்வது முழுக்கக் கணினியில்தான்.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்கு ஜெஸ்ட், நெட் ஆகிய தேசியத் தேர்வுகள் வழியாகச் சேர்ந்தால் உதவித்தொகை உண்டு, 2023-ல் ஜே.ஆர்.எஃப். என்ற அந்த ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. அதுவரை ஐந்தாண்டு நீங்கள்தான் தாங்க வேண்டும். நிரந்தர வேலை குறைவு, போட்டி கடுமை, நடுவில் சில வருடம் வெளிநாட்டிலும் இருக்க வேண்டிவரலாம். ஆனால் பிழையும் குழப்பமும் கலந்த தரவிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கப் பழகிய பிள்ளைக்கு டேட்டா சயன்ஸ், ஒளியியல் கருவித் துறைகளில் இடம் உண்டு. பொறியியல் படித்தால்தான் பிழைப்பு என்ற பயத்தில் அவளைத் திருப்பாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால், மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் ஐசர் இடஒதுக்கீட்டுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதை எப்படி, எப்போது வாங்குவது என்று தாலுகா அலுவலகத்தில் இப்போதே விசாரித்து வைத்துவிடுங்கள்.