படபடப்பு, பயம், தவிர்ப்பு: மனப்பதற்றம் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அண்மையில் சில முறை திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், உயிர் போய்விடும் என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடினேன். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது பேருந்தில் தனியாக ஏறவே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் இதயத்தில் கோளாறு இல்லை என்பதும் உண்மை, நீங்கள் பட்ட அவதியும் உண்மை. நீங்கள் விவரிப்பவை பீதித் தாக்குதலின் அறிகுறிகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆபத்து என்று மூளை கருதிய உடனே அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பைக் கூட்டுகிறது. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் ஏற்படுகின்றன. இவற்றை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்ளும்போது பயம் இரட்டிப்பாகி, அந்தப் பயமே அறிகுறிகளை மேலும் வளர்க்கிறது. பீதி வளர்வது இந்தச் சுழற்சியால்தான் என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். இன்றைய சிகிச்சையின் பெரும்பகுதி அந்த விளக்கத்தின் மேல்தான் நிற்கிறது. தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, தானாகவே இறங்கிவிடும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான். பேருந்தைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி, 'ஏறாததால்தான் தப்பித்தோம்' என்று மூளைக்குக் கற்றுத் தருகிறது. இன்று பேருந்து, நாளை சந்தை, அப்புறம் வீட்டு வாசல் என்று பயத்தின் எல்லை விரிந்துகொண்டே போவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையில் இதற்கு நேர் எதிரான பயிற்சி தரப்படும்: சிகிச்சையாளர் முன்னிலையில் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விட்டும், படியேறியும் அதே படபடப்பை வரவழைத்து, அதனால் உயிருக்கு எதுவும் நேர்வதில்லை என்பதை உடம்பாலேயே உணர்வீர்கள். பிறகு துணையோடு இரண்டு நிறுத்தம், தனியாக இரண்டு நிறுத்தம் என்று பேருந்துப் பயணம் மெல்ல நீளும். தைராய்டு மிகையாகச் சுரப்பதும் ரத்தசோகையும் இதேபோன்ற படபடப்பைத் தரக்கூடும் என்பதால், அவை ஏற்கெனவே பார்க்கப்பட்டனவா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உழைக்கும்போது நெஞ்சை அழுத்தும் வலி வந்தாலோ, அது தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, பீதி என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் தேர்வு நாளில் காலையிலேயே வாந்தி எடுக்கிறாள். 'நான் பாஸ் ஆயிடுவேனாம்மா?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நானும் 'ஒண்ணும் ஆகாதுடா' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கேட்பது குறையவில்லை.

பதில்: உங்கள் அன்பில் குறையில்லை அம்மா. ஆனால் ஒவ்வொரு ஆறுதலும் சில நிமிடங்களே தாங்கும். அது தீர்ந்ததும் அவளுக்கு அடுத்த ஆறுதல் தேவைப்படுகிறது. இதுவும் ஒருவகைத் தவிர்ப்புதான்: முடிவு தெரியாமல் இருப்பதைத் தாங்கப் பழகுவதற்கு முன்பே அந்த நிலையிலிருந்து தப்பிக்க நாமே வழி செய்துவிடுகிறோம். அடுத்த முறை, 'ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுது. ரிசல்ட் எப்படி வரும்னு எனக்கும் தெரியாது. எப்படி வந்தாலும் சேர்ந்து பார்த்துக்கலாம்' என்று ஒருமுறை சொல்லி நிறுத்துங்கள். முதல் சில நாட்கள் அவள் கேட்பது கூடவும் கூடும்; பொறுத்திருங்கள். தேர்வுக்கு விடுப்பு எடுக்க வைப்பது மட்டும் வேண்டாம். வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருமுறை சொன்னாலும் அன்றைக்கே செல்லுங்கள்.

கேள்வி: தினமும் மூச்சுப் பயிற்சி செய்கிறேன், கோயிலுக்கும் போகிறேன். இவை போதாதா?

பதில்: இரண்டையும் விடவேண்டாம். இவற்றுக்குப் பிறகும் வேலை, தூக்கம், உறவு ஆகியவற்றில் ஏதேனும் பாதிக்கப்பட்டிருந்தால் சிகிச்சையும் தேவை.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் வாழ்நாள் முழுக்க விட முடியாது என்கிறார்களே. பேசியே குணமாக முடியுமா?

பதில்: இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் ஏராளம் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் உடனே அமைதி தரும். நாள்பட எடுத்தால் அவற்றுக்குப் பழகிப்போகும் அபாயம் உண்மையிலேயே இருக்கிறது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கக் கூடாது என்பதும் அதனால்தான். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். போதைக்கு அடிமையாவது போன்ற ஏக்கத்தை அவை உண்டாக்குவதில்லை. ஆயினும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் முதலியவை வரக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

மிதமான பதற்றத்துக்குப் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதுமானது. கடுமையான நிலையில் மாத்திரையும் பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்ந்து தேவைப்படலாம். ஆனால் மனம் விட்டுப் பேசிவிட்டு எழுந்து வருவதோடு பேச்சுவழிச் சிகிச்சை முடிவதில்லை. வாரம் ஒருமுறை, ஏறத்தாழ 12 முதல் 16 அமர்வுகள் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையில் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி இருக்கும். அந்தப் பயிற்சியைச் செய்யாதவர்களுக்குப் பலன் குறைவு என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

கேள்வி: தனியார் ஆலோசனைக் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்கே போவது?

பதில்: மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. இருப்பினும் புறநோயாளிக் கட்டணங்களைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை என்பதால், பாலிசியின் விதிகளை முன்கூட்டியே படித்துப் பாருங்கள். தனியாரிடம் செல்ல நேர்ந்தால், மருத்துவ உளவியலாளராக இருப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். பதிவு பெற்றவர் அந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.