ராத்திரி மூணு மணிக்கு வர்ற நெனப்பு

வணக்கம் அண்ணா,

பேர் போட வேண்டாம். அம்மாவுக்கு கேன்சர். கீமோ இனிமே உடம்பு தாங்காது, வீட்டுக்கு கூட்டிட்டு போய் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆச்சு. வேலைய விட்டுட்டு நான்தான் பாத்துக்கறேன். மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு எழுதி குடுத்திருக்காங்க, ஆனா பழகிடுமோன்னு பயந்து அம்மா கேட்டா மட்டும் தர்றேன். வலிக்குதாம்மான்னு கேட்டா "பரவால்லப்பா"ன்னுதான் சொல்றாங்க, ஆனா கட்டில் கம்பிய இறுக்கி புடிச்சுக்கறாங்க. அக்கா வெளிநாட்டுல இருக்கா, தினம் வீடியோ கால்ல வந்து "ஏன்டா இப்படி எளைச்சுட்டாங்க, ஒழுங்கா சாப்பாடு குடுக்கறியா இல்லையா"ன்னு கேக்கறா. போன வாரம் ராத்திரி மூணு மணிக்கு துணி மாத்திட்டு இருக்கும்போது சீக்கிரம் முடிஞ்சா தேவலைன்னு தோணிடுச்சு. அதுலேர்ந்து அம்மா மூஞ்சிய பாக்க முடியல. நான்லாம் என்ன மகன்?

*

தம்பி,

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதைக் கேக்கத்தான் எழுதியிருக்கீங்க, மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி தொண்டைய கனைச்சுக்கறது. எங்கப்பாவ ஒன்பது மாசம் வீட்டுல வச்சு பாத்தேன். எனக்கும் அதே நெனப்பு வந்துச்சு, ஒரு தடவை இல்ல, பல தடவை. ஒரு தடவை அவரு தோள புடிச்சு திருப்பிகிட்டு இருக்கும்போதே வந்துச்சு. சேர்ந்தாப்ல மூணு மணி நேரம் தூங்கி மாசக்கணக்காச்சுன்னா மூளை எதை வேணா நெனைக்கும். இந்த ராத்திரி முடிஞ்சா போதும்ங்கறது அந்த அசதியில அம்மா முடிஞ்சா போதும்னு காதுல விழும். அவ்ளோதான். இதை யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்ததுதான் தப்பு, இப்ப சொல்லிட்டீங்க.

எனக்கு கோவம் வந்த எடம் வேற. அந்த மாத்திரை.

நாலு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு எழுதினது சும்மா இல்ல தம்பி, அந்த மாத்திரையோட வேலை நாலு மணி நேரத்துல தீந்துடும். வலி வந்தப்புறம் குடுத்தா, அது உடம்புல ஏறி வேலை செய்யறதுக்குள்ள வலி பல மடங்கா போயிருக்கும், அப்ப பத்தாது. அதனாலதான் கடிகாரத்த பாத்து குடுங்கங்கறாங்க, வலிய பாத்து இல்ல. நடுவுல வலி பீறிட்டு வந்தா அதுக்குன்னு தனியா ஒரு எக்ஸ்ட்ரா டோஸ் எவ்ளோ, எப்பன்னு டாக்டர் எழுதித் தருவாரு, தரலன்னா கேட்டு வாங்கிடுங்க. அடிமையாகிடுவாங்கங்கற பயத்த விடுங்க. உடம்பு பழகும், அதனால திடீர்னு நிறுத்தக் கூடாது, ஆனா கேன்சர் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல எடுக்கறவங்க போதைக்கு அலையறதில்ல. அந்த அளவுல குடுத்தா உயிர சீக்கிரம் எடுத்துடும்ங்கறதும் இல்ல. மொத சில நாள் தூக்கமா இருப்பாங்க, குமட்டும், பெரும்பாலும் தானா கொறையும். கொறையாத ஒண்ணு மலச்சிக்கல், அதுக்கு மொத நாள்லேர்ந்தே மருந்து சேத்து குடுக்கணும், எங்க வீட்டுல இது தெரியாம அப்பா பட்ட பாடு இருக்கே, வேண்டாம் விடுங்க. தூக்கம் ரொம்ப அதிகமாச்சு, கை கால் வெட்டி வெட்டி இழுக்குது, ஒண்ணுக்கு கொறைஞ்சு போச்சுன்னா உடனே டாக்டருக்கு சொல்லணும், அளவ நீங்களா கூட்டி கொறைக்கறது கூடாது.

"பரவால்லப்பா"வ நம்பாதீங்க. நம்ம அம்மாங்க எல்லாருக்கும் அது ஒரு வியாதி. நெத்தி சுருங்குதா, திருப்பும்போது மூச்ச புடிக்கறாங்களா, கம்பிய புடிச்ச கை வெளுத்துப் போகுதான்னு பாருங்க. ஒரு பழைய நோட்டு எடுத்து எத்தனை மணிக்கு மாத்திரை, வலி பத்துக்கு எத்தனை, எக்ஸ்ட்ரா எத்தனை தடவை, வயிறு கடைசியா எப்ப போச்சுன்னு எழுதுங்க. நான் "ராத்திரில கொஞ்சம் வலி இருக்கு சார்"னு மூணு தடவை போய் சொன்னேன், ஒண்ணும் நடக்கல. நோட்ட கொண்டு போய் விரிச்சு வச்ச அன்னிக்கு டாக்டர் கண்ணாடிய போட்டுகிட்டு ரெண்டு பக்கம் படிச்சாரு, டோஸ் மாறிடுச்சு. பன்னெண்டு மணி நேரம் வேலை செய்யற மார்ஃபின் மாத்திரையும் இருக்கு, அம்மாவுக்கு ஒத்து வருமான்னு கேளுங்க, அப்ப நடுராத்திரி அலாரம் வேண்டாம். அம்மா வலியும் உங்க தூக்கமும் ஒரே கயித்துலதான் கட்டியிருக்கு, அதனால டாக்டர்கிட்ட உங்க தூக்கத்தையும் சொல்லுங்க, வெக்கப்படாம.

இத நான் சும்மா சொல்லல. குணமாகாத வியாதியில இருக்கறவங்களோட வலியையும் கஷ்டத்தையும் கொறைக்கற இந்த பாலியேட்டிவ் கேர் வைத்தியத்துக்கு நவீன உருவம் குடுத்தவங்க சிசிலி சாண்டர்ஸ், மொதல்ல நர்ஸ், அப்புறம் ஆஸ்பத்திரி சமூக சேவகி, அதுக்கப்புறம் படிச்சு டாக்டர் ஆனவங்க, 1967ல லண்டன்ல செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், அதாவது கடைசி காலத்துல இருக்கறவங்கள பாத்துக்கற எடத்த, ஆரம்பிச்சாங்க. வலின்னா உடம்பு மட்டும் இல்ல, மனசு, குடும்பம், பணக்கவலை எல்லாம் சேந்ததுதான் மொத்த வலின்னு சொன்னது அவங்கதான். உலக சுகாதார நிறுவனம் பாலியேட்டிவ் கேருக்கு சொல்ற விளக்கத்துலயே நோயாளியோட குடும்பமும் இருக்கு. அதாவது அந்த வீட்டுல நீங்களும் ஒரு பேஷண்ட். 1999ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, நோயாளியான துணைய பாத்துகிட்டு அதுலயே நொந்து போன வயசானவங்க, பாத்துக்கற வேலையே இல்லாதவங்கள விட நாலு வருசத்துல செத்துப் போற வாய்ப்பு 63 சதவீதம் அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. நீங்க சின்ன வயசு, அந்த கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா உடம்பு உடம்புதான்.

அக்கா விஷயம். இதுக்கு டாக்டர்களே பேர் வச்சிருக்காங்க, "கலிஃபோர்னியா மக"ன்னு, தூரத்துலேர்ந்து திடீர்னு வந்து அதை ஏன் பண்ணல இதை ஏன் பண்ணலன்னு குதிக்கற சொந்தம். கலிஃபோர்னியாவுல அதையே "நியூயார்க் மக"ன்னு சொல்றாங்களாம், எல்லா ஊருக்கும் இன்னொரு ஊரு. உங்க அக்கா கத்தறது குத்த உணர்ச்சியில, கைக்கு வேலை இல்லாததால. வேலை குடுங்க. சொந்தக்காரங்க ஃபோனுக்கெல்லாம் இனிமே அவங்கதான் பதில் சொல்லணும், மருந்து தீரப் போகுதான்னு கணக்கு பாத்து ஆர்டர் போடறது அவங்க, வாரத்துல ரெண்டு ராத்திரிக்கு ஆள் போட பணம் அனுப்பறது அவங்க. அடுத்த கால்ல அவங்க வாய தொறக்கறதுக்கு முன்னாடி நீங்க இத சொல்லிடுங்க. "ஏதாவது வேணும்னா சொல்லுப்பா"ன்னுட்டு போறவங்களையும் விடாதீங்க, "செவ்வாக்கெழமை மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வந்து ஒக்காருங்க"ன்னு நாளும் நேரமும் சொல்லுங்க. பாதி பேர் வர மாட்டாங்க. மீதி பாதி வருவாங்க, அந்த ரெண்டு மணி நேரத்துல துணி துவைக்காம தூங்குங்க.

சாப்பாடு. இந்த கட்டத்துல குடுக்கற சாப்பாட்ட உடம்பு எடுத்துக்காது, எளைக்கறது வியாதியால, உங்களால இல்ல. திணிச்சா வாந்தி, இல்லன்னா பொறை ஏறி நுரையீரலுக்கு போயிடும். கேட்டா கேட்டத, கேட்ட அளவு, அது ஒரு ஸ்பூனா இருந்தாலும். அதுக்கு பதிலா வாய கவனிங்க. சுத்தமான மெல்லிசு துணிய விரல்ல சுத்தி தண்ணில நனைச்சு பிழிஞ்சு, ஈறு, நாக்கு, கன்னத்து உள்பக்கம்னு மெதுவா தொடைச்சு விட்டு ஒதட்டுல கொஞ்சம் வாசலின். கடைசி வாரத்துல அப்பா எதுக்குமே கண்ணத் தொறக்கல, இதுக்கு மட்டும் துணிய ஒதட்டால கவ்விக்குவாரு, விட மாட்டாரு.

கடைசி நாட்கள் எப்படி இருக்கும்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கங்க, அன்னிக்கு ராத்திரி யாருக்கு ஃபோன் பண்ணணும்ங்கறதையும். மூச்சு நின்னு நின்னு வரும், கை கால் சில்லிடும், தொண்டையில கொறகொறன்னு சத்தம் வரும், கேக்கற நமக்குத்தான் அது பயங்கரம், அனேகமா மயக்கத்துல இருக்கற அவங்களுக்கு தெரியாது, ஒருக்களிச்சு படுக்க வச்சா கொறையும். எனக்கு இத யாரும் சொல்லல, பதறிப் போய் ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, வீட்டுலயே இருக்கணும்னு கேட்டுகிட்டிருந்த மனுசன ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினேன்.

துணி மாத்தும்போது கூச்சமா இருக்குன்னு நீங்க எழுதல, ஆனா இருக்கும், அம்மாவுக்கு உங்கள விட அதிகமா. நான் ரேடியோவ போட்டுடுவேன். இடுப்புக்கு மேல ஒரு போர்வை, தேவையான எடத்த மட்டும் வெலக்கி, பாட்டப் பத்தியோ ஏதோ ஒண்ண பேசிகிட்டே பண்ணுவேன். ஒரு நாள் அப்பா கண்ண மூடிகிட்டே "நல்லா பண்றடா"ன்னாரு, பாட்டச் சொன்னாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

மொதல்ல மாத்திரைய சரி பண்ணுங்க, டாக்டருக்கு இன்னிக்கே ஃபோன். இத்தனை நாள் கேட்டப்ப மட்டும் குடுத்தேன்ங்கறத மறைக்காம சொல்லிட்டு, அவர் சொல்ற அளவுல ஆரம்பிங்க. பத்து நாள் நோட்டு எழுதிட்டு எனக்கு எழுதுங்க.