ஸ்னோடிராப் கிழங்கு அழுகுகிறது, என்ன மருந்து ஊற்றுவது?

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். ஸ்காட்லாந்தில் இருக்கும் மகள் அனுப்பிய படத்தில் ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டு, ஆன்லைனில் 12 கிழங்கு வாங்கினேன். 8 கிழங்கை கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பையில் நட்டு, தினமும் போர் தண்ணீர் விட்டேன். 6 அழுகிவிட்டன. 2 முளைத்திருக்கின்றன, படம் அனுப்பியிருக்கிறேன். மீதி 4 கிழங்கும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. குளிர் காட்டி நட்டால் பூக்குமா? அழுகலுக்கு எந்தப் பூஞ்சைக்கொல்லி ஊற்றலாம்?

பதில்: மருந்து எதுவும் வேண்டாம் அம்மா. அழுகின கிழங்கு எந்த மருந்துக்கும் பிழைக்காது. முளைத்திருக்கும் இரண்டும் ஸ்னோடிராப்பே இல்லை. ஸ்னோடிராப் பெரும்பாலும் கிழங்குக்கு இரண்டே இலைதான் விடும், அதுவும் குட்டையாக. உங்கள் படத்தில் இருப்பது பளபளவென்று, பட்டையாக, ஒரு அடிக்கு மேல் போன இலை. எனக்கு ஸ்பைடர் லில்லி மாதிரி தெரிகிறது. பூ வந்தால் உறுதியாகிவிடும்.

உண்மையான ஸ்னோடிராப் வந்திருந்தாலும் நம் ஊரில் நிற்காது. அது ஐரோப்பாவில் ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் பூக்கிற செடி. வேர் விட்டு, இலை வந்து, பூத்து முடிக்கும் வரை குளிர்ச்சி வேண்டும். சென்னையில் தை மாத விடியற்காலையிலேயே 20 டிகிரி இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலும், வெளியே வந்ததும் மாடி வெயிலில்தானே வளர வேண்டும்?

விற்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்னோடிராப் கிழங்கு காய்ந்தால் சீக்கிரம் வீரியம் போய்விடும். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் பூத்து முடிந்ததும் பச்சை இலையோடு பிடுங்கித்தான் மாற்றி நடுவார்கள். அரிய ரகத்துக்கு அடித்துக்கொள்ளும் சேகரிப்பாளர்களும் உண்டு. 2015-ல் மஞ்சள் குறி உள்ள ஒரு ரகத்தின் ஒரே கிழங்கு 1,390 பவுண்டுக்கு ஏலம் போனது. காட்டுக் கிழங்கை நாடு விட்டு நாடு விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். அப்படிப்பட்ட செடியைக் காய்ந்த கிழங்காகக் கவரில் போட்டு நம் வெயிலுக்கு அனுப்புகிறவர் ஏமாற்றுகிறார், அவ்வளவுதான். படத்தைப் பார்த்துக் கிழங்கு வாங்குவதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கோகோபீட்டைப் பற்றியது. கிழங்குச் செடிக்கு அது ஆகவே ஆகாது என்று நான் சொல்லாத இடமில்லை. 5 கிலோ கட்டியாக எடை குறைவாகக் கிடைப்பதால் மாடிக்கு வசதிதான். ஆனால் குடித்த தண்ணீரை விடாது. சரியாகக் கழுவாத நாரில் உப்பும் இருக்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல வருடமாகிறது. உங்கள் பக்கமும் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். உப்பு நாரில் உப்புத் தண்ணீரைத் தினமும் விட்டால் கிழங்கு என்ன செய்யும்? பையின் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் அது உப்பு. இலை நுனி கருகுவதும் அதனால்தான். கடைக்காரர் அதைப் பார்த்துப் பூஞ்சை நோய் என்பார், ஒரு பாட்டிலை விற்பார்.

செம்மண் இரண்டு பங்கு, கொரகொரப்பான மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணம் ஒரு பங்கு போதும். காசிமேட்டுக் கடற்கரை மணலை மட்டும் அள்ளி வந்துவிடாதீர்கள். மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து விடுங்கள். அது தீர்ந்தால் மெட்ரோ தண்ணீர். தொட்டுப் பார்த்து மேல் மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

அப்புறம், வெள்ளைப் பூ ஆசைக்கு வெள்ளை ரெயின் லில்லி வையுங்கள். அதுவும் ஸ்னோடிராப் குடும்பம்தான். ஒரு தொட்டியில் பத்துக் கிழங்கை நெருக்கமாக நடலாம், நெருங்கி இருந்தால் நன்றாகவே பூக்கும். கொஞ்ச நாள் காய்ந்து கிடந்து நல்ல மழை விழுந்தால் சில நாளிலேயே மொட்டு தள்ளும். ஐப்பசி மழைக்குத் தொட்டி நிறைந்துவிடும். சேர்க்க ஆசையென்றால் ரோஸ், மஞ்சள் ரகங்களும் இருக்கின்றன. மாதவரம் பக்கம் நர்சரிக்கு நேரில் போய், பூத்திருக்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். கிழங்கு பெருகியதும் பிரித்துக் கொடுத்து அக்கம்பக்கத்தில் வேறு நிறம் வாங்கிக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜில் இருக்கும் அந்த 4 கிழங்கை இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். இந்தக் குடும்பத்துக் கிழங்குகள் பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வீட்டில் யாராவது தெரியாமல் உரித்துக் குழம்பில் போட்டுவிடப் போகிறார்கள். நான் சொன்ன மண்ணில் நட்டு வையுங்கள், முளைத்தால் படம் அனுப்புங்கள், என்ன செடி என்று சொல்கிறேன்.